வேப்பேரி சனிக்கிழமை வகுப்பு: பாவம், தேவகோபம், இரட்சிப்பு – 600 ரூபாய்க்கு என்ன கிடைக்கிறது?

சென்னை வேப்பேரியில் ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாவது மாடியில், சனிக்கிழமை சாயங்காலம் ஐந்தரை மணிக்கு நடக்கும் வேதபாட வகுப்பைப் பற்றிய விமர்சனம் இது. கட்டணம் 600 ரூபாய். குறிப்பேடும் டீயும் அதற்குள்ளேயே அடக்கம். மொத்தம் இரண்டு மாதம். நடத்துகிறவர்கள் பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். அறையில் நாற்பது நாற்காலிக்கு மேல் போட முடியாது, இப்போதே சிலர் மாடிப்படியில் உட்காருகிறார்கள் என்று காரணமும் சொன்னார்கள். எனக்கும் அது வசதியாகப் போயிற்று, குறைகளைத் தாராளமாக எழுதலாம்.

நான் அரசு மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். கடைசியாக இருந்தது டயாலிசிஸ் பிரிவில். வீடு அயனாவரம். பிறந்தது நாசரேத் பக்கம் ஒரு சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை, புராட்டஸ்டண்ட்) குடும்பத்தில். வாழ்க்கைப்பட்டது பெரம்பூர் லூர்து மாதா கோயிலுக்குப் போகிற ரோமன் கத்தோலிக்கக் குடும்பத்தில். தம்பி பெந்தெகொஸ்தே சபைக்குப் போய்விட்டான். கிறிஸ்துமஸ் சாப்பாட்டுக்கு மூன்று சபையும் ஒரே பந்தியில் உட்காரும். மட்டன் குழம்பு தீருகிறவரைக்கும் சண்டை கிடையாது.

இந்த வகுப்புக்கு ஏன் போனேன் என்றால், ஒரு கேள்விக்காக. டயாலிசிஸுக்கு வருகிறவர் நாலு மணி நேரம் மெஷினோடு படுத்திருப்பார். முதல் ஒரு மணி நேரம் மருமகள், மாத்திரை, பஸ் என்று பேச்சு ஓடும். அப்புறம் கூரையைப் பார்த்துக்கொண்டு, "நான் என்ன பாவம் பண்ணினேன் சிஸ்டர்?" என்பார். எல்லா மதத்துக்காரரும் கேட்கிற கேள்விதான். ஆனால் இந்து நோயாளிகள் பலர் போன ஜென்மத்தின் மேல் பாரத்தை இறக்கிவைத்துவிட்டுத் தூங்கிவிடுவார்கள். கிறிஸ்தவருக்கு அந்த வழி இல்லை. இந்த ஒரு ஜென்மத்துக்குள்ளேயே தோண்டிக்கொண்டிருப்பார்.

ஒரு நாள் பார்வையாளர் நேரத்தில் ஒரு ஊழியக்காரர் வந்தார். எந்தச் சபை என்று நான் கேட்கவில்லை. முப்பது வயதுகூட ஆகாத ஒரு பையன், ஆட்டோ ஓட்டுகிறவன், அவன் படுக்கைக்கு அருகில் நின்று, "அறிக்கை செய்யாத பாவம் ஏதோ இருக்கு தம்பி, அதான் கர்த்தருடைய கோபம் நீங்கல" என்றார். பையனுடைய ரத்த அழுத்தம் மானிட்டரில் ஏறியதைப் பார்த்தேன். அவர் கையைப் பிடித்து வெளியே கொண்டுபோய் விட்டேன். ஆனால் அந்தப் பையனிடம் திரும்பி வந்து சொல்ல என்னிடம் பதில் ஒன்றும் இல்லை. ஓய்வு பெற்ற பிறகாவது தெரிந்துகொள்ளலாமே என்றுதான் பணம் கட்டினேன்.

முதலில் இடத்தைப் பற்றி. லிஃப்ட் கிடையாது. முழங்கால் வலிக்காரர்கள் யோசித்துக்கொள்ளுங்கள். மின்விசிறி சத்தத்தில் மைக் பாதி கேட்காது, விசிறியை நிறுத்தினால் கொசு. முன்வரிசையில் இடம் பிடிப்பது நல்லது. புரசைவாக்கம், ஓட்டேரி பக்கமிருந்து வருகிறவர்கள் மெட்ரோ ரயிலுக்குத் தோண்டிப்போட்டிருக்கும் சாலைகளை மனதில் வைத்துச் சீக்கிரமே கிளம்புங்கள். டீ அருமை. ஐயரம்மாவே, அதாவது ஆயரின் மனைவியே, போடுகிறார்கள், இஞ்சி தட்டிப் போட்டு.

வகுப்பு எடுக்கிறவர் ஓய்வு பெற்ற ஆயர். இறையியல் கல்லூரியில் ரொம்ப காலம் புதிய ஏற்பாடு கற்பித்தவர். எல்லாரும் ஐயா என்றுதான் கூப்பிடுகிறோம். பிரசங்கக் குரல் கிடையாது, நிதானமான பேச்சு. ஆரம்பத்தில் தூக்கம் வரும். மூன்றாவது வாரம் வாக்கில் அந்த நிதானம்தான் பிடித்துப்போகிறது.

முதல் வகுப்பில் அவர் ஆதாம் ஏவாளில் ஆரம்பிக்கவில்லை. ஆளுக்கொரு துண்டுச் சீட்டைக் கொடுத்து, பாவம் என்று உங்கள் வீட்டில் எதைச் சொல்லி வளர்த்தார்கள், பெயர் போடாமல் எழுதுங்கள் என்றார். சீட்டுகளை வாசிக்க வாசிக்கச் சிரிப்பு அடங்கவில்லை. சினிமா. நகை போடுவது. ஞாயிற்றுக்கிழமை துணி துவைப்பது. பெரிய வெள்ளியன்று கறி தின்பது. பக்கத்து வீட்டுப் பொங்கலை வாங்கிச் சாப்பிடுவது. ஜாதகம். சீட்டாட்டம். ஒருவர் 'காதல் கல்யாணம்' என்று எழுதியிருந்தார். எல்லாச் சீட்டையும் மேஜையில் அடுக்கிவிட்டு ஐயா கேட்டார்: "வீட்டு வேலைக்கு வர்ற அம்மாவுக்குச் சம்பளம் பிடிக்கிறதை ஒருத்தரும் எழுதலையே?" அறை அமைதியாகிவிட்டது. ஆமோஸ் புத்தகத்தைத் திறக்கச் சொன்னார். நீதிமானைப் பணத்துக்கும், எளியவனை ஒரு ஜோடு பாதரட்சைக்கும் விற்றுப்போட்டார்கள் என்று இஸ்ரவேலின்மேல் அங்கே குற்றச்சாட்டு இருக்கிறது.

சாதிப் பேச்சும் அங்கேதான் வந்தது. கல்லறைத் தோட்டத்துக்குள்ளேயே சுவர் எழுப்பியவர்கள் தமிழ்நாட்டுக் கிறிஸ்தவர்கள், அதை எந்தச் சீட்டில் எழுதுவது என்று ஒரு இளைஞர் கேட்டார். ஐயா நழுவவில்லை. 1833ல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி கூடாது என்று கடிதம் அனுப்பியதையும், அதை ஏற்காமல் பிரிந்தவர்கள் தஞ்சாவூரில் மட்டுமல்ல, இதே வேப்பேரியிலும் இருந்தார்கள் என்பதையும் சொன்னார். நாங்கள் உட்கார்ந்திருந்த பேட்டையின் கதை என்பதால் சிலர் முகம் சுருங்கியது.

அடுத்து, அப்போஸ்தலன் பவுல் ரோமாபுரி சபைக்கு எழுதிய கடிதம், ரோமர் முதல் அதிகாரம். பொறாமை, கொலை, வஞ்சகம், பெற்றோருக்குக் கீழ்ப்படியாமை என்று பவுல் போடுகிற நீண்ட பட்டியலை எல்லாரும் அறிவோம். அந்தப் பட்டியல் 29ஆம் வசனத்தில்தான் ஆரம்பிக்கிறது. அதற்கு முன்னால் 21ஆம் வசனத்தில் மூலகாரணம் வந்துவிடுகிறது: தேவனை அறிந்தும் அவரைத் தேவனென்று மகிமைப்படுத்தாமலும் ஸ்தோத்திரியாமலும் இருந்தார்கள். கடவுளுக்குரிய இடத்தில் வேறொன்றை, பெரும்பாலும் தன்னையே, உட்காரவைத்துக்கொள்வதுதான் பாவம். செயல்களெல்லாம் அதற்கு அப்புறம். இதை அவர் விளக்கிய விதம் நன்றாக இருந்தது. அதைவிட நன்றாக இருந்தது அடுத்த அதிகாரத்துக்குப் போனது. முதல் அதிகாரத்தை வாசித்து, ஆமாம் ஆமாம், உலகம் கெட்டுத்தான் கிடக்கிறது என்று தலையாட்டுகிறவனைப் பார்த்துப் பவுல் சட்டென்று திரும்புகிறார்: "மற்றவர்களைக் குற்றவாளியாகத் தீர்க்கிறவனே, நீ யாரானாலும் சரி, போக்குச்சொல்ல உனக்கு இடமில்லை." எனக்கு அந்த ஊழியக்காரர் ஞாபகம் வந்தார். அவரைப் பிடித்துத் தள்ளிய என் கையும் ஞாபகம் வந்தது, அதை விடுங்கள்.

ஜென்மபாவம் பற்றிய வகுப்பு எனக்குக் கொஞ்சம் கனமானது. மனிதன் தன் முயற்சியிலேயே பாவமில்லாமல் வாழ முடியும் என்ற பெலாஜியஸின் போதனையை 418ல் கார்த்தேஜ் சங்கம் தள்ளியது, அகுஸ்தீன்தான் அதற்கு எதிராக முன்னின்று வாதாடியவர் என்ற வரலாறு வந்தது. ஆதாமின் குற்றமே பிறக்கிற குழந்தைக்கும் ஒட்டிக்கொள்கிறது என்று மேற்குச் சபைகளில் பல சொல்ல, கிழக்கத்திய ஆர்த்தடாக்ஸ் சபைகளோ மரணமும் பலவீனமும்தான் வழிவழியாக வருகின்றன, குற்றம் அவரவருடையது என்கின்றன. எனக்குப் பிரசவ வார்டு ஞாபகம். உயிர் தங்காது என்று தெரிந்துவிட்ட குழந்தைக்கு, கத்தோலிக்கப் பெற்றோர் கேட்டுக்கொண்டால், நர்ஸுகள் நாங்களே தலையில் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுத்திருக்கிறோம். அவசரத்தில் யாரும் கொடுக்கலாம் என்பது கத்தோலிக்கத் திருச்சபையின் விதி. கொடுக்க முடியாமல் போன குழந்தைகள் எங்கே போகும் என்று தாய்மார்கள் கேட்பார்கள். இதை நான் வகுப்பில் கேட்டேன். அந்தக் குழந்தைகளுக்கு லிம்போ என்று ஒரு இடத்தைச் சொன்னது பழைய இறையியலாளர்களின் கருத்துதான், அது ஒருபோதும் கட்டாய விசுவாசமாக இருந்ததில்லை, 2007ல் வத்திக்கானின் இறையியல் குழுவே ஞானஸ்நானம் பெறாமல் இறந்த குழந்தைகளும் இரட்சிக்கப்படுவார்கள் என்று நம்பிக்கை வைக்கக் காரணம் உண்டு என்று எழுதியிருக்கிறது என்றார் ஐயா. ஒரு சி.எஸ்.ஐ. ஆயர் இதை இவ்வளவு சரியாகச் சொன்னது எனக்கு ஆச்சரியம். வீட்டுக்குப் போய் மாமியாரிடம் சொன்னேன். "எங்க ஃபாதர் இதெல்லாம் சொன்னதே இல்லையே" என்று எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

இனி தேவகோபம். கட்டிய பணம் இந்த வாரங்களிலேயே வசூலாகிவிட்டது.

ஐயா கரும்பலகையில் எதுவும் எழுதவில்லை. யோபு புத்தகத்தின் கடைசி அதிகாரத்தைத் திறக்கச் சொன்னார். யோபுவின் கதை எல்லாருக்கும் தெரியும். பிள்ளைகள் சாகிறார்கள், சொத்து போகிறது, உடம்பெல்லாம் பருக்கள். சிநேகிதர்கள் வந்து, நீ ஏதோ பாவம் செய்திருக்கிறாய், ஒத்துக்கொள் என்று அதிகாரம் அதிகாரமாக அறிவுரை சொல்கிறார்கள். கடைசியில் கடவுள் பேசுகிறார். 42ஆம் அதிகாரம் 7ஆம் வசனம், அந்தச் சிநேகிதர்களில் ஒருவனான எலிப்பாசைப் பார்த்து: "உன்மேலும் உன் இரண்டு சிநேகிதர்மேலும் எனக்குக் கோபம் மூளுகிறது." யோபுவின் மேல் கோபம் என்று எங்கேயும் இல்லை. உன் நோய் உன் பாவத்தின் தண்டனை என்று சொன்னவர்கள் மேல்தான் கோபம். அவர்களுக்காக யோபு ஜெபம் பண்ண வேண்டும் என்றும் கடவுள் சொல்கிறார்.

சின்ன வயதிலிருந்து யோபுவைக் கேட்டிருக்கிறேன். ஞாயிறு பள்ளியில் பொறுமைக்கு எடுத்துக்காட்டு யோபு என்று மனப்பாடம் செய்ததோடு சரி, இந்த வசனத்தை யாரும் விரல் வைத்துக் காட்டியதில்லை.

அடுத்து லூக்கா 13. சீலோவாமில் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் செத்துப்போனார்கள். எருசலேமில் இருந்த மற்ற எல்லாரையும்விட அவர்கள் குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களா என்று இயேசு கேட்டு, அப்படியல்ல என்று தாமே பதிலும் சொல்கிறார். யோவான் 9ல் பிறவிக் குருடனைப் பார்த்துச் சீஷர்கள், இவன் செய்த பாவமா, பெற்றவர்கள் செய்த பாவமா என்று கேட்கும்போதும் அதே பதில். சென்னைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 2014 ஜூன் 28ஆம் தேதி மௌலிவாக்கத்தில் பதினொரு மாடிக் கட்டடம் மழையில் சரிந்து 61 பேர் இறந்தார்கள். பிழைப்புக்காக வெளியூரிலிருந்தும் வெளிமாநிலத்திலிருந்தும் வந்த கட்டட வேலைக்காரர்கள். அவர்களைவிட அந்த வழியாகப் பைக்கில் போன நாம் எந்த விதத்தில் நல்லவர்கள்? 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. சுனாமியில் வேளாங்கண்ணி மாதாவைப் பார்க்க வந்திருந்தவர்களே கூட்டம் கூட்டமாகச் செத்துப்போனார்கள். அதற்கு அடுத்த வாரங்களில் சில பிரசங்கிகள் பேசியது இன்னும் என் காதில் இருக்கிறது. 2015 வெள்ளத்தின்போதும் அதே பேச்சு, அடையாறு ஆற்றங்கரைக் குடிசைகளின் மேல் தேவகோபம் என்று. பணக்காரர் பங்களாக்களைப் பற்றி ஏன் அப்படிப் பேசவில்லை என்று கேட்க ஆளில்லை.

பின்வரிசையிலிருந்து ஒரு அண்ணன் எதிர்க்கேள்வி போட்டார். தம்பியின் சபைக்காரர் மாதிரி இருந்தார், கையில் தோல் அட்டை வேதாகமம், வசனம் எல்லாம் நாக்கு நுனியில். "அப்போ கோராகு? பூமி வாயைத் திறந்து விழுங்கலையா? ஊசா? அனனியா சப்பீராள்?" வேதத்தில் கடவுளின் தீர்ப்பால் செத்தவர்கள் இவர்களெல்லாம். நியாயமான கேள்வி. ஐயா சொன்னது இதுதான்: அந்த இடங்களில் இது தேவனுடைய தீர்ப்பு என்று வேதமே சொல்கிறது, அதை இல்லை என்று நான் மழுப்ப மாட்டேன், ஆனால் இன்றைக்கு நடக்கிற ஒரு விபத்துக்கோ வியாதிக்கோ அப்படி எழுதிக்கொடுக்க உங்களுக்கும் எனக்கும் யார் அதிகாரம் கொடுத்தது? அண்ணன் முழுக்க ஒத்துக்கொள்ளவில்லை. எனக்கும் ஊசாவின் கதை இன்னும் உறுத்துகிறது. விழப்போன உடன்படிக்கைப் பெட்டியைத் தாங்கிப் பிடித்ததற்காகச் செத்தவன் அவன். அதை வழவழவென்று பூசி மெழுகாமல் உறுத்தலாகவே விட்டுவிட்டது இந்த வகுப்பின் நேர்மை என்று நினைக்கிறேன்.

சரி, நோயும் வெள்ளமும் இல்லை என்றால் தேவகோபம் எங்கேதான் இருக்கிறது? திரும்பவும் ரோமர் ஒன்று. தேவகோபம் வானத்திலிருந்து வெளிப்படுத்தப்பட்டிருக்கிறது என்று 18ஆம் வசனத்தில் சொன்னதும் இடி மின்னலை எதிர்பார்க்கிறோம். பவுல் காட்டுவது வேறு. 24, 26, 28 என்று மூன்று இடத்தில் தேவன் அவர்களை ஒப்புக்கொடுத்தார் என்கிறார். நீ கேட்டது இதுதானே, போ, அனுபவி என்று விட்டுவிடுவது. பேராசைக்காரனைப் பேராசையிடமே விட்டுவிடுவது. குடித்துக் குடித்துக் கல்லீரல் போனவர்களை நர்ஸுக்குத் தெரியும். யாரும் மேலே இருந்து அடிக்க வேண்டியிருக்கவில்லை. அதே சமயம் அந்த வார்டில் குடியே தெரியாதவர்களும் படுத்திருந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் நானும் எலிப்பாஸ் ஆகிவிடுவேன்.

ஐயா ஒரு உவமை சொன்னார். உடம்புக்குள் கிருமி வந்தால் காய்ச்சல் வருகிற மாதிரி, தீமைக்கு எதிராகக் கடவுளிடம் எழுகிற கோபம், அது அன்பு இல்லாததால் வருவதில்லை, அன்பு இருப்பதால் வருவது என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள். காய்ச்சலே ஆளைக் கொன்றுவிடுவதும் உண்டு ஐயா என்றேன். சிரித்துவிட்டு, அதனால்தான் உவமையை ரொம்ப தூரம் இழுக்கக் கூடாது என்று அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டார்.

பழைய ஏற்பாட்டுக் கடவுள் கோபக்காரர், இயேசு சாந்தமானவர் என்று நம்மில் பாதிப்பேர் மனதுக்குள் வைத்திருக்கிறோம். இரண்டாம் நூற்றாண்டில் மார்சியோன் என்பவர் இதையே கொள்கையாக்கிப் பழைய ஏற்பாட்டையே தூக்கி எறியப் பார்த்தார். 144ல் ரோமாபுரி சபை அவரை வெளியேற்றியது. யாத்திராகமம் 34லேயே கடவுள் தம்மை இரக்கமும் கிருபையும் நீடிய சாந்தமும் உள்ளவர் என்று சொல்லிக்கொள்கிறார். மறுபக்கம் மாற்கு 3ல் இயேசு கோபப்படுகிறார். சூம்பின கையுடைய ஒருவன் ஜெப ஆலயத்தில் நிற்கிறான். ஓய்வுநாளில் இவனைச் சுகமாக்குவாரா, குற்றம் பிடிக்கலாமா என்று சுற்றி இருந்தவர்கள் காத்திருக்கிறார்கள். அவர்களுடைய இருதயக் கடினத்துக்காக விசனப்பட்டு, கோபத்துடனே சுற்றிலும் பார்த்தார் என்று எழுதியிருக்கிறது. அப்புறம் கையை நீட்டு என்கிறார். நோயாளி ஒருவன் நடுவில் நிற்கும்போது சட்டம் பேசுகிறவர்களைப் பார்த்து வந்த கோபம் அது. இப்படிப்பட்ட கோபம் இல்லாத கடவுளை நான் கும்பிட மாட்டேன். சீட்டு எழுதவில்லை, டோக்கன் வாங்கவில்லை என்று மூச்சு வாங்குகிற ஆளை வாசலில் நிறுத்துகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தேவகோபம் என்றால் பயப்படுகிற பக்கத்திலிருந்துதான் நாம் யோசிக்கிறோம். வகுப்பில் ஒரு அம்மா இருந்தார். மகனை அநியாயமாகப் பறிகொடுத்தவர், வழக்கு இழுத்துக்கொண்டே போகிறது. வெளிப்படுத்தல் 6ல் கொல்லப்பட்டவர்கள் பலிபீடத்தின் கீழிருந்து, எதுவரைக்கும் ஆண்டவரே என்று கதறுகிற வசனத்தை வாசித்தபோது அவர், "எனக்கு இந்தக் கோபம்தான் ஐயா ஆறுதல்" என்றார். அன்றைக்கு டீ ஆறிப்போயிற்று.

இரட்சிப்புக்கு வந்தபோதுதான் வகுப்பு சறுக்கியது. முக்கியமான விஷயத்துக்கு நேரம் போதவில்லை. பாவத்துக்கும் கோபத்துக்கும் வாரங்களை அள்ளிக் கொடுத்துவிட்டு, சிலுவையை இரண்டே மாலையில் ஓட்டிவிட்டார்கள். 1098 வாக்கில் காண்டர்பரி பேராயர் ஆன்செல்ம் எழுதிய விளக்கம் ஒரு பக்கம்: மனிதன் கடவுளுக்குச் செலுத்த வேண்டிய மரியாதையைச் செலுத்தவில்லை, அதை ஈடுகட்ட மனிதனும் கடவுளுமான ஒருவர் வேண்டும். லூத்தர் காலத்துச் சபைச் சீர்திருத்தக்காரர்கள் சொன்ன, நமக்குரிய தண்டனையைக் கிறிஸ்து ஏற்றுக்கொண்டார் என்பது ஒரு பக்கம். பாவம், மரணம், பிசாசு என்ற எதிரிகளைச் சிலுவையில் ஜெயித்தார் என்று ஆதிச் சபை சொன்னதை 1930களில் சுவீடன் இறையியலாளர் குஸ்தாஃப் ஔலேன் மறுபடி எடுத்துக் காட்டியது ஒரு பக்கம். ஆளுக்குப் பத்து நிமிடம். மூச்சு விடாமல் ஓடினார்.

அந்த நேரம் பார்த்து ஒரு கல்லூரி மாணவி கேட்டாள்: "கோபமா இருக்கிற அப்பாவைச் சமாதானப்படுத்த ஒரு தப்பும் பண்ணாத மகனை அடிக்கிறதா அங்கிள்? இது எப்படி நீதி?" எல்லாரும் திரும்பிப் பார்த்தோம். இந்தக் கேள்விக்கு ஒரு முழு மாலை ஒதுக்கியிருக்க வேண்டும். ஐயா சொன்ன பதில் சரியானதுதான்: கோபக்கார அப்பா, பலியாகும் மகன் என்று இரண்டு கட்சியாகப் பிரிப்பதே தப்பு, தேவன் கிறிஸ்துவுக்குள் இருந்து உலகத்தைத் தம்மோடு ஒப்புரவாக்கினார் என்று 2 கொரிந்தியர் 5 சொல்கிறது, சிலுவையைப் பார்த்த பிறகு கடவுளுக்கு அன்பு வரவில்லை, அன்பு இருந்ததால்தான் சிலுவை, ரோமர் 5:8 பாருங்கள், நாம் பாவிகளாயிருக்கையிலேயே. அவ்வளவு சொல்லும்போதே காவல்காரர் வந்து எட்டு மணி ஆயிற்று என்று விளக்கைப் போட்டு அணைத்தார். மாணவி முகத்தில் திருப்தி இல்லை. அடுத்த வாரம் அவள் வரவில்லை. தேர்வாக இருக்கலாம்.

ஒன்று மட்டும் நன்றாகச் செய்தார்கள். நகரமெங்கும் சுவரிலும் ஆட்டோ முதுகிலும் 'பாவத்தின் சம்பளம் மரணம்' என்று எழுதி வைத்திருக்கிறார்களே, அது ரோமர் 6:23ன் முன்பாதிதான். பின்பாதியில், தேவனுடைய கிருபைவரமோ நித்தியஜீவன் என்று வருகிறது. உழைத்ததற்குச் சம்பளம், உழைக்காததற்கு வரம். பெயிண்ட் செலவு மிச்சம் பிடிக்கப் போய் நற்செய்தியை விட்டுவிட்டார்கள் என்றார் ஐயா. அதோடு ஃபாப்ரிசியஸ் கதையும். 1772ல் இதே வேப்பேரி அச்சகத்தில் தமிழ்ப் புதிய ஏற்பாட்டை அச்சிட்ட ஜெர்மன் மிஷனரி, பணம் கொடுக்கல் வாங்கலில் சிக்கி, வயதான காலத்தில் கடனுக்காகச் சிறைக்குப் போனவர். 'எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்' என்று அந்த மனுஷன் சிறையில் எப்படி ஜெபித்திருப்பார் என்று கேட்டுவிட்டு ஐயா கொஞ்ச நேரம் பேசவில்லை.

என் வீட்டுக்கு நேரடியாக உதவியது 1999 உடன்பாடு. மனிதன் இரட்சிக்கப்படுவது விசுவாசத்தினாலா கிரியையினாலா என்று 1517லிருந்து அடித்துக்கொண்ட இரு தரப்பும், 1547ல் கத்தோலிக்கரின் திரெந்து சங்கம் எதிர்த் தரப்பின் போதனையைச் சபித்ததற்கு அப்புறமும், 1999 அக்டோபர் 31ஆம் தேதி ஜெர்மனியின் அவுக்ஸ்பூர்க் நகரில் சேர்ந்து கையெழுத்துப் போட்டார்கள். கத்தோலிக்கத் திருச்சபையும் லூத்தரன் உலக சம்மேளனமும். நம்முடைய புண்ணியத்தால் அல்ல, கிருபையால் மட்டுமே ஏற்றுக்கொள்ளப்படுகிறோம், நற்கிரியைகள் அதன் பலனாக வருகின்றன என்பது சாராம்சம். மெதடிஸ்டுகள் 2006ல், ரிஃபார்ம்டு சபைகள் 2017ல் சேர்ந்துகொண்டன. தம்பியிடம் சொன்னேன். "நீங்க இரட்சிக்கப்பட்ட தேதி என்னன்னு முதல்ல சொல்லுக்கா" என்றான். அவனுக்கும் வகுப்பிலேயே பதில் இருந்தது: எபேசியர் 2ல் இரட்சிக்கப்பட்டீர்கள், 1 கொரிந்தியர் 1ல் இரட்சிக்கப்படுகிற நமக்கு, ரோமர் 5ல் இனி இரட்சிக்கப்படுவோம் என்று மூன்றும் இருக்கிறது. தேதி கேட்டால் எதைச் சொல்வது? அவன் இன்னும் ஜெபித்துக்கொண்டிருக்கிறான், எனக்காக.

விட்டுப்போனவை நிறைய. உத்தரிக்கும் ஸ்தலம், அதாவது இறந்தவர்கள் பரலோகம் போகுமுன் சுத்திகரிக்கப்படுவதாகக் கத்தோலிக்கர் நம்புவது, அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. இறந்தவர்களை நினைக்கும் நவம்பர் 2ஆம் தேதி கீழ்ப்பாக்கம் கல்லறைத் தோட்டத்தில் பூவும் மெழுகுவர்த்தியுமாக நிற்கிற கூட்டத்தைப் பார்த்தவர்கள் இது சின்ன விஷயம் என்று சொல்ல மாட்டார்கள். வகுப்பில் கால்வாசிப்பேர் கத்தோலிக்கர்கள். நரகம் பற்றியும் மேலோட்டம்தான். 1741ல் ஜோனத்தன் எட்வர்ட்ஸ் அமெரிக்காவின் என்ஃபீல்டில், கோபமுள்ள தேவனுடைய கையில் பாவிகள் நெருப்பின் மேல் பிடிக்கப்பட்ட சிலந்திகள் என்று பிரசங்கித்ததைச் சொல்லி, இது ஒரு காலத்தின் பாணி என்று முடித்துக்கொண்டார். நம் ஊர் ஒலிபெருக்கிக் கூட்டங்களில் இன்றைக்கும் அதே பாணிதான், காலம் எங்கே போயிற்று? சுவிசேஷமே கேள்விப்படாதவர்கள் கதி என்ன என்று பக்கத்து இருக்கை அக்கா சீட்டில் எழுதிக் கொடுத்தார். சீட்டு மேஜையிலேயே இருந்தது.

குறிப்பேடு ஜெராக்ஸ். அச்சுப்பிழை மலிவு. ரோமர் 3:25 என்பது ஒரு பக்கம் முழுக்க 8:25 என்று விழுந்திருக்கிறது, கிருபாதாரபலியை (பாவப் பரிகார பலியை) தேடிப் போனால் பொறுமையோடு காத்திருக்கச் சொல்கிற வசனம் வரும். 600 ரூபாய்க்கு ஒரு தடவை பிழைதிருத்தியிருக்கலாம்.

ஜெபம், பாட்டு, அந்நியபாஷை எதிர்பார்த்துப் போகிறவர்களுக்கு இது ஒத்துவராது. புதிதாகத் துக்கத்தில் இருப்பவர்களும் கொஞ்சம் பொறுத்துப் போகலாம், கோபத்தைப் பற்றிய வாரங்கள் கனமானவை. மருத்துவமனையில் வேலை செய்கிறவர்கள், வார்டு ஊழியம் என்று பை நிறைய துண்டுப் பிரசுரத்தோடு வருகிறவர்கள், இவர்கள் அவசியம் போக வேண்டும். இரண்டாவது கூட்டத்தாருக்குக் கட்டணத்தை நானே கட்டுகிறேன், யோபு 42 நடக்கிற அந்த ஒரு மாலைக்காவது வரட்டும்.

அடுத்த வகுப்பு ஈஸ்டர் முடிந்ததும் ஆரம்பம் என்று சொல்லியிருக்கிறார்கள். சிலுவைக்கு நாலு வாரம் ஒதுக்கச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறேன். பழைய திருப்புதல் வேதாகமம் கொண்டுபோங்கள், ஐயா வசனம் சொல்வது அதிலிருந்துதான். பணம் ரொக்கமாக மட்டுமே. ரசீது கேட்டு வாங்குங்கள், தானாகத் தர மாட்டார்கள்.